நொய்யலாறு

ஆறுகளைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பேராறுகளையே எடுத்துக்கொள்வர். காவிரியைப் பாடாத புலவர் இல்லை. வையையை அறியாத மாணவர் இல்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்வளவு பேறு பெற்ற ஆறு அன்று. ஆண்டிற் பெரும்பகுதி முழங்காலை நனைக்கவும் வலியற்றுக் கிடக்கும் சிற்றாறு அது. போத்தனூர்ச் சந்திப்பிலிருந்து கோயமுத்தூர் நகருக்குள் செல்லும் இரயில் வண்டி சில நொடிகளில் அதனைக் கடந்துவிடுகின்றது. வண்டியில் இருப்போர் அந்நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வது உண்டு. கீழே கிடப்பது ஓர் ஆறு என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். நொய்யல் என்பது அதன் பெயர்.

நொய் என்னும் சொல் தமிழில் நுண்மையையும் மென்மையையும் குறிக்கும். குருணை அரிசியை நொய் என்கிறோம். பெயர்க் காரணத்தைப் பற்றி வேறு கருத்துக்களும் வழங்குகின்றன. ஆனால் இவ்வாற்றின் இயல்பை நோக்கும்போது இப்பெயர் பொருந்தாது என்று யாரும் சொல்ல இயலாது. புராணங்களிலே இதற்குப் பெருமிதமான பெயரொன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடினார். அந்நூலில் இது காஞ்சி நதி என்று போற்றப்படுகின்றது. ஊர் மக்கள் நாவில் நின்றதோ நொய்யலே.

கொங்கு நாட்டின் மேற்கெல்லையிலே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்தாற்போல் நிற்கின்றது. கோயமுத்தூருக்கு மேற்கே அச்சுவர் உள்நோக்கி வளைந்து ஒரு தொட்டியைப் போல அமைந்திருக்கின்றது. வடக்கும் மேற்கும் தெற்கும் மலை. கிழக்கே மட்டும் வாயில். போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கு என்று அதனைச் சொல்வார்கள். அதன் மேற்கிலே ஓங்கி நிற்பது வெள்ளியங்கிரி. ஏறத்தாழ 6,000 அடி உயரமுள்ள அம்மலையில் ஏழு மலைகள் ஏறி இறங்கினால்தான் வெள்ளியங்கிரி ஆண்டவரைக் காண இயலும் என்பது அடியார் வழக்கு. கையில் மூங்கிற் கோலுடன் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் ஏறுவார்கள். மழைக்காலத்தில் அங்கு ஏறுவது எளிதன்று. அம்மழைதான் நொய்யலின் பிறப்பு.

இங்கே நில அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து நீர் சுமந்து வந்து மலையின் மேற்குப் புறத்தில் மோதிப் பெருமழை பொழிகின்றது. முகட்டைத் தாண்டி இப்புறம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகின்றது. ஆகவே வெள்ளியங்கிரி உச்சியை ஒட்டிய காடுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்ய, அங்கிருந்து ஒருநாள் நடைத்தொலைவில் உள்ள கோயமுத்தூரில் 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேதான் பெய்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் போத்தனூரில் நிற்பவர் இந்தக் கணக்கை உடலாலேயே அறியலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து வேட்டியைப் பறித்துக்கொண்டு போகும். சாரல் முகத்தில் அடிக்கும். நிலம் மட்டும் நனையாது. மழையெல்லாம் மேற்கே மலையில் கருநிறமாகத் தெரியும். அந்த மழையில் ஒரு பங்கை வறண்ட சமவெளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தபால்காரன்தான் இச்சிற்றாறு.

மலையிலிருந்து இறங்குவது ஓர் ஆறன்று, பல ஓடைகள். அவற்றுள் பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்பவை முதன்மையானவை. கோவைக் குற்றாலம் என்று மக்கள் அழைக்கும் அருவியின் நீரும் இவ்வழியிலேதான் வருகின்றது. ஆலாந்துறையை ஒட்டி, தொம்பிலிப்பாளையத்து அருகே கூடுதுறை என்னுமிடத்தில் ஓடைகள் ஒன்று சேர்ந்தபின்னரே நொய்யல் என்னும் பெயர் வழங்குகின்றது. அதன்பின் பேரூர், கோயமுத்தூர், இருகூர், சூலூர், மங்கலம், திருப்பூர் என்று ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஓடி, கொடுமுடிக்குச் சற்றுத் தெற்கே காவிரியில் கலக்கின்றது. கலக்கும் இடத்திலுள்ள ஊருக்கும் நொய்யல் என்றே பெயர்.

இனி ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நொய்யலும் சிறுவாணியும் ஒன்றே என்று எண்ணுவோர் கோயமுத்தூரிலேயே உண்டு. இரண்டும் ஒரே மலைப் பகுதியிற் பிறப்பவை. ஆனால் ஒன்று கிழக்கே இறங்க, மற்றொன்று மேற்கே இறங்குகின்றது. சிறுவாணி கேரளத்து அட்டப்பாடியிலே பவானியோடு சேருகின்றது. பவானி அங்கிருந்து கிழக்கே திரும்பி மேட்டுப்பாளையம் வழியாக வந்து, பவானி கூடுதுறையிலே காவிரியை அடைகின்றது. அந்தக் காவிரி ஈரோட்டையும் கொடுமுடியையும் தாண்டி வந்து, நொய்யல் என்னும் ஊரில் நொய்யலைச் சந்திக்கின்றது. ஆக, மலைமுகட்டிலே முதுகுக்கு முதுகாகப் பிரிந்த இரண்டு நீரும் நெடுந்தூரம் சுற்றிக் கடைசியில் ஓரிடத்திலே சேர்ந்துவிடுகின்றன. இஃது இயற்கை வகுத்த வழி. மனிதன் இவ்விரண்டையும் சேர்க்க வேறொரு குறுக்கு வழி கண்டான். அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

நொய்யலில் நீர் வரும் விதத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவத்தில் மலையிற் பெய்யும் மழையால் ஒரு வெள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தால் மற்றொரு வெள்ளம் வரும். மலை செங்குத்தானது, ஓடைகள் குறுகியவை, நீர் தங்காது. காலையிற் பெருகிய வெள்ளம் மாலைக்குள் வடிந்துவிடுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் உண்மையான வெள்ளம் வரும் நாட்கள் மிகக் குறைவு. இப்படிப்பட்ட ஆற்றைக் காட்டாறு என்று சொல்லி விட்டுவிடலாம். அக்காலத்துக் கொங்கர்கள் அப்படி விட்டுவிடவில்லை. வந்த நீரை ஓரிடத்தில் பெரிய அணை போட்டு நிறுத்த முயலவும் இல்லை. ஆற்றின் குறுக்கே உயரமில்லாத அணைக்கட்டுகளை அடுத்தடுத்துக் கட்டினார்கள். ஒவ்வோர் அணைக்கட்டும் வெள்ளத்தில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி வாய்க்காலில் விடும். வாய்க்கால் அதனைக் குளத்திற் சேர்க்கும். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கு நீர் போகும். கடைசிக் குளமும் நிறைந்தால் மிச்சம் மறுபடியும் ஆற்றுக்கே வந்து சேரும். அதனைக் கீழே உள்ள அணைக்கட்டு எடுத்துக்கொள்ளும். இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் முப்பதை ஒட்டிய குளங்களும் நொய்யலைப் பற்றி நிற்கின்றன.

மேலே முதலில் உள்ளது சித்திரைச்சாவடி அணைக்கட்டு. அதன் வாய்க்கால் வழியிலே புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று நீர் ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிச் செல்லும். நகரை ஒட்டி உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும். தென்கரையில் நம் போத்தனூருக்கு இருபுறமும் இரண்டு: மேற்கே குறிச்சிக் குளம், கிழக்கே வெள்ளலூர்க் குளம். ஒவ்வொன்றுக்கும் தன் பெயராலேயே ஆற்றில் ஓர் அணைக்கட்டு உண்டு. அப்பால் சிங்காநல்லூர், சூலூர். பதி என்று முடியும் பெயர்களைக் கேட்கும்போது ஊர்ப் பெயரோ என்று தோன்றும். குளத்தையும் ஊரையும் பிரித்தறியாத காலத்தின் எச்சம் அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் வியப்பது கட்டடத் திறமையை அன்று. அதற்குப் பின்னால் நின்ற நீதியை. மேலிருப்பவன் எல்லா நீரையும் எடுத்துக்கொண்டால் கீழிருப்பவன் வாட வேண்டியதுதான். கீழிருப்பவனுக்காக மேலிருப்பவன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பேரூர்ப் பட்டீசுவரர் கோவிலில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதற்கு விடை தருகின்றது. தேவிச்சிறை என்னும் அணை நொய்யலில் ஏற்கெனவே இருந்தது. கோளூர் அணை என்று புதிதாக ஒன்று கட்ட ஊரார் விரும்பினர். அரசன் இசைவு தந்தான். ஆனால் வெறுமனே தரவில்லை. பழைய தேவிச்சிறைக்குச் சேரவேண்டிய நீர் சேர்ந்த பின்னரே புதிய அணைக்கு நீர் என்று நிபந்தனை விதித்தான். அந்த நிபந்தனையைக் கோவிற் சுவரிலே கல்லில் வெட்டியும் வைத்தார்கள். நீருரிமை பற்றிய வழக்குகள் நாட்டின் பெரிய நீதிமன்றங்களிலே பல்லாண்டுகள் நடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்கல்வெட்டு சிறிது நாணம் தரத்தக்கது.

பேரூரைப் பற்றி வந்தமையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றேன். சுந்தரர் வரும்போது பட்டீசுவரர் ஓர் உழவராக மாறி அம்மையோடு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. அதன் நினைவாக ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா நடைபெறுகின்றது. கம்பும் சோளமும் விளையும் நாட்டிலே இறைவன் நெல் நாற்று நட்டதாகக் கதை பிறந்தது எவ்வாறு? அவ்விடத்திலே நொய்யல் வயலுக்கு நீர் தந்ததால்தான். ஆனி மாதமோ மலையிலிருந்து முதல் வெள்ளம் வரும் பருவம். புராணக் கதையைப் பஞ்சாங்கத்தோடும் ஆற்றோடும் சேர்த்துப் படித்தால் அது வேளாண்மைக் குறிப்பாகவும் இருக்கின்றது.

கொங்கு வேளாளர் தம் நிலத்தை வயல், தோட்டம், காடு என்று மூவகையாகச் சொல்வார்கள். குளத்து நீரும் ஆற்று நீரும் பாய்வது வயல். கிணற்று நீர் பாய்வது தோட்டம். வானத்தை மட்டும் நம்பியது காடு. அங்கே மரம் இருக்க வேண்டும் என்பதில்லை. இம்மூன்றில் கொங்கின் சிறப்பு தோட்டத்திலேதான். ஆழ வெட்டிய கிணற்றில் இரண்டு எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து, புகையிலையும் பருத்தியும் மஞ்சளும் விளைவித்தார்கள். அந்தக் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வந்தது? இப்பகுதியிற் கீழே கிடப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் ஊறி நிற்கும் நீரே கிணற்று நீர். வெள்ளம் பத்து நாளில் வடிந்துவிட்டாலும் குளத்தில் தேங்கிய நீர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வெடிப்புகளை நிரப்பியது. ஆகவே குளத்தின் ஆயக்கட்டு என்று கணக்கில் எழுதிய ஏக்கர்கள் மட்டும் அதன் பயன் அல்ல. சுற்றிலும் உள்ள தோட்டக்காரரும் அதன் குடிகளே. குளம் வற்றினால் வயல்காரன் ஓராண்டில் உணர்வான். தோட்டக்காரன் மூன்றாம் ஆண்டில் உணர்வான். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்து, கவலை ஏற்றம் போய், மின் இயந்திரம் கிணற்றில் இறங்கிய பிறகு இந்தத் தொடர்பை மறப்பது எளிதாயிற்று.

இச்சிற்றாற்றின் கரையில் உலகத்தின் மறுகோடியிலிருந்தும் செல்வம் வந்திருக்கின்றது என்றால் நம்புவதற்கு முதலில் தயக்கமாக இருக்கும். போத்தனூருக்குப் பக்கத்திலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் ரோமப் பேரரசர்களின் முத்திரை பொறித்தவை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. பின்னும் அவ்வூரில் காசுப் புதையல்கள் கிடைத்தன. ரோமக் காசுக்கு வெள்ளலூரில் என்ன வேலை? படத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலே பாலக்காட்டில் மட்டும் ஒரு பெரிய இடைவெளி. மேலைக் கடற்கரையில் முசிறித் துறையில் இறங்கிய வணிகன் சேரர் தலைநகரான கருவூருக்கும் சோழ நாட்டுக்கும் போகக் கணவாய் வழியாகவே வர வேண்டும். கணவாயைத் தாண்டியதும் கிழக்கு நோக்கிச் செல்லும் ஓர் ஆறு துணையாகக் கிடைக்கின்றது. மாட்டுக்கு நீரும், மனிதனுக்கு நிழலும், வழி தவறாமல் இருக்க ஓர் அடையாளமும். நொய்யற்கரை பெருவழி ஆனது இப்படித்தான்.

அப்பெருவழியில் வடகரையில் இருந்த ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அங்கே அகழ்ந்து பார்த்தனர். பாதி வேலை முடிந்த மணிகள், துளையிடும்போது உடைந்த மணிகள், மூலக் கற்கள் எல்லாம் கிடைத்தன. பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல் ஆகியவை அக்கம்பக்கத்திலேயே கிடைப்பவை. காங்கயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர் பெற்ற இடம். சூதுபவளக் கல் மட்டும் வடக்கே குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இரும்பை உருக்கிய உலைகளும் காணப்பட்டன. பானை ஓடுகளிலே தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர்களைக் கீறி வைத்திருக்கின்றார்கள். அரண்மனைக் கல்வெட்டு அன்று. சோறு உண்ட கலத்திற் கீறிய பெயர். ஒரு சிற்றாற்றங்கரையிலே உழைத்துப் பிழைத்த மனிதர்களுக்கு அன்றே எழுத்தறிவு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1862-இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் சென்ற இரயில் பாதை போத்தனூரைத் தொட்டது. அதுவும் அந்தப் பழைய கணவாயையே நாடிச் சென்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆலைகள் வந்தன; ஊர் நகரமாயிற்று. நகருக்குக் குடிநீர் வேண்டும். பக்கத்தில் ஓடும் நொய்யல் கோடையில் வற்றுவது. ஆகவே நகரத் தலைவர்கள் மலைக்கு அப்புறம் பார்த்தார்கள். மேற்கே ஓடும் சிறுவாணியைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே நீரைக் கொண்டுவரும் திட்டம் உருவாயிற்று. அதற்காகப் பெரிதும் பாடுபட்டவர் நகரசபைத் தலைவராயிருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார், ஆர். எஸ். புரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுவாணி நீர் கோயமுத்தூருக்கு வந்தது. பின்னர்க் கேரள அரசோடு 1973-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இப்போதுள்ள பெரிய அணை 1984-இல் முடிவுற்றது. சிறுவாணி நீரின் சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கோயமுத்தூர்க்காரர் எளிதில் நிறுத்தமாட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரம் பின்னும் பெருகவே, பவானியாற்றிலுள்ள பில்லூரிலிருந்தும் நீர் வந்தது.

முன்னே நான் சொன்ன குறுக்கு வழி இதுதான். மேற்கே போக வேண்டிய சிறுவாணி மலையைத் துளைத்துக்கொண்டு கிழக்கே வந்து, குழாய் வழியாக வீடுகளுக்குள் நுழைந்து, சமையலறையிலும் குளியலறையிலும் பயன்பட்டு, சாக்கடையாக வெளியேறிக் கடைசியில் நொய்யலை அடைகின்றது. கோடையிலே போத்தனூர்ப் பக்கம் நொய்யலில் கறுப்பாக அசைவது வெள்ளியங்கிரி நீரன்று. பெரும்பகுதி நாம் குடித்தும் குளித்தும் விட்ட சிறுவாணியும் பவானியுமே. முன்பு கோடையில் வறண்டு கிடந்த ஆறு இப்போது ஆண்டு முழுவதும் ஓடுகின்றது என்று ஒருவன் வேடிக்கையாகச் சொன்னால் அதில் பொய் இல்லை. தன் ஆற்றை நம்பி வாழ்ந்தவரை ஊர் அதன்மேற் கண் வைத்திருந்தது. வேறிடத்து நீர் குழாயில் வந்தபின் அந்தக் கண் அகன்றது. ஊரின் கண் அகன்ற ஆற்றை ஊர்ச் சாக்கடை வந்து பற்றிக்கொண்டது. குளங்களுக்கும் அதே கதி. சில குளங்களின் வாய்க்கால்கள் வீதிகளாயின; சில குளங்களின் ஓரங்களில் வீடுகள் எழுந்தன; நீர் நிற்கும் குளங்களில் ஆகாயத் தாமரை படர்ந்தது.

திருப்பூரிலே நடந்தது இதனினும் கொடியது. பருத்தி விளையும் நாட்டில் பனியன் தொழில் வளர்ந்தது இயல்பே. 1980களுக்குப்பின் வெளிநாட்டு ஏற்றுமதி பெருகியது, ஊர் செழித்தது, பல்லாயிரவர் பிழைப்புத் தேடி வந்தனர். துணிக்கு வண்ணம் ஏற்றச் சாயப் பட்டறைகள் வேண்டும். சாயம் நூலிற் பற்றுவதற்குப் பெருமளவு உப்பைக் கரைக்கிறார்கள். சாயத்தில் ஒரு பகுதி நூலில் ஏறுகின்றது. உப்போ ஏறத்தாழ முழுவதும் கழிவு நீரிலே போகின்றது. நிறத்தைப் போக்க வழி உண்டு. நீரிற் கரைந்த உப்பைப் போக்குவது அரிது. அந்நீரெல்லாம் நொய்யலில் இறங்கியது.

இவ்வேளையிலேதான் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பெரிய அணையொன்று கட்டி 1992-இல் திறந்தார்கள். வெள்ள நீரைத் தேக்கி, கீழே உள்ள 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்ச்சுவது நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் ஆற்றின் கணக்கை எண்ணிப் பாருங்கள். நொய்யலில் நல்ல வெள்ளம் வருவது ஆண்டுக்குச் சில நாள். சாயக் கழிவு வருவதோ நாள்தோறும். அணை நிறைந்தது, மழைநீரால் அன்று. தேங்கிய உப்பு நீர் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறியது, தென்னைகள் வாடின. பாசனத்துக்கு என்று கட்டிய அணையிலிருந்து தயவுசெய்து நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. குளங்கள் நன்னீரை மெல்லக் கீழே இறக்கிக் கிணறுகளை வாழவைத்தன என்று சொன்னேன் அல்லவா? அதே பாறை வெடிப்புகள் வழியே இப்போது உப்பு இறங்கிற்று. நிலத்துக்கு நல்ல நீர், கெட்ட நீர் என்ற வேறுபாடு தெரியாது.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். இவ்விடத்தில் ஒரு பக்கத்தாரை மட்டும் நல்லவர், மறுபக்கத்தார் தீயவர் என்று பேசுவது எனக்கு உடன்பாடன்று. பட்டறையிற் சாயத் தொட்டியில் கை நனைத்தவனும் ஏதோ ஒரு வறண்ட காட்டை விட்டு வந்த உழவன் மகனே. பின்னர்க் கழிவு நீரை மென்படலங்களின் வழியே அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்கும் முறையை ஏற்படுத்திக்கொண்டு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. செலவு மிகுந்த முறைதான். எனினும் அவ்வாறு பிரித்த நீரையும் உப்பையும் மீண்டும் சாயமிடவே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கண்டார்கள். உண்டான வழி முன்பே உண்டாகியிருக்கலாம். ஆற்றின் இருபது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

மேற்பகுதிக்குத் திரும்புவோம். அங்கே ஆற்றுக்கு இன்னும் உயிர் இருக்கின்றது. சித்திரைச்சாவடியில் வெள்ளம் வரும்போது நீர் தெளிவாகவே வருகின்றது. வாய்க்கால்களைத் தூர்வாரினால் குளங்கள் நிறைகின்றன. பழைய காலத்தில் இவ்வேலையைக் குடிமராமத்து என்று ஊராரே கூடிச் செய்தனர். பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. ஊரார் கைகட்டி நின்றனர். அண்மைக் காலத்தில் நகரத்து இளைஞர்களும் மாதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு குளக்கரைக்கு வரும் புதுமையைக் கோயமுத்தூர் கண்டது.

அவ்வாறு அவர்கள் கை வைத்த குளங்களில் ஒன்று ரோமக் காசு கிடைத்த வெள்ளலூரின் குளம். ஆற்றிலிருந்து அதற்கு வரும் ராஜவாய்க்கால் மண்ணும் குப்பையும் முட்செடியும் மூடிக் கிடந்தது. குளம் பல்லாண்டுகள் வெறுந்தரையாகக் கிடந்து சீமைக் கருவேல் காடாயிற்று. 2017-இல் வாய்க்காலைத் தூர்வாரி, கருவேலை வேரோடு அகற்றினர். அவ்வாண்டு மழையில் நொய்யலில் வந்த வெள்ளம் அணைக்கட்டில் திரும்பி, வாய்க்காலில் ஓடி, குளத்தில் இறங்கியது. கரையில் மரங்கள் நட்டார்கள். நீர்க்கோழியும் நாரையும் வந்தன. வண்ணத்துப்பூச்சிகள் இவ்வளவு வகையா என்று எண்ணிப் பார்க்கச் சிறுவர்கள் வருகின்றார்கள்.

அக்குளத்துக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளலூர் அணைக்கட்டு நகரத்துக்குக் கீழே இருக்கின்றது. ஆகவே நகரம் ஆற்றில் எதை விடுகின்றதோ அதுவே வாய்க்காலில் வரும். உக்கடத்திலும் நஞ்சுண்டாபுரத்திலும் ஒண்டிப்புதூரிலும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைந்திருக்கின்றன. நகரத்துச் சாக்கடை முழுவதும் அவற்றைச் சென்று சேர்வதில்லை. மேற்கே மலையிற் கருமேகம் தெரிந்த சில நாட்களில் மட்டும், வெள்ளத்தின் முதற் கறுப்பு நீர் போனபிறகு, செம்மண் நிறத்தில் வெள்ளியங்கிரி நீர் அந்த அணைக்கட்டைத் தாண்டுகின்றது.